ராஜினி கேட்ட விசா

கொழும்பு முகவர் விசா எடுத்துத் தருகிறேன் என்றபோது ராஜினிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன வேலைக்கு என்று கேட்ட பிறகுதான் முகம் மாறியது.

"ஓமானிலை நல்ல வீடொண்டு இருக்கு, தங்கச்சி. சமையலும் பிள்ளை பாக்கிறதும்."

"நான் ஆய்வுகூடத்திலை வேலை செய்யிறனான். அந்த வேலைக்கு எண்டாத்தான் போவன்."

முகவர் அவள் நீட்டிய வேலைச் சான்றுக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொப்பித்தாளில் பேனையால் எழுதி, ஆஸ்பத்திரி வைத்தியர் ஒப்பமிட்டு முத்திரை குத்தியிருந்தார். போரும் பொருள்தடையுமாய்க் கிடந்த 1999இல் வன்னிக்குள் அதைவிட நல்ல தாளுக்கு எங்கே போவது? "இதைக் காட்டினா தூதரகத்திலை சிரிப்பாங்கள்" என்றார்.

ராஜினி வன்னியில் அக்கராயன் ஊர்க்காரி. தகப்பன் மாயாண்டி, இனக்கலவரத்தில் மலையகத்தை விட்டு ஓடிவந்து, வயல்கூலி செய்து அவளைப் படிப்பித்தவர். வன்னியை மலேரியா போட்டு வாட்டிய காலத்தில், ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்க ஆளில்லை என்று தொண்டராகப் போய் வேலை பழகியவள், எட்டு வருடமாக அங்கேயே நின்றுவிட்டாள். நியமனமும் இல்லை, சம்பளமென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பார்த்துச் சொன்னால் வைத்தியர்கள் மறுபேச்சில்லாமல் மருந்து எழுதுவார்கள்.

தறப்பாள் கூரைக்குக் கீழே கிடக்கும் குடும்பத்துக்கு ஒரு கல்வீடு கட்டவேண்டும், அதற்குத்தான் வெளிநாடு. வீட்டுவேலை கேவலமென்று அவள் நினைக்கவில்லை. பக்கத்துக் கொட்டில் விமலேஸ்வரி அதைச் செய்துதான் மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றினாள். ஆனால் ஒருமுறை வீட்டுவேலை விசாவில் போனால் ஆய்வுகூடத்துக்குள் பிறகு யார் விடப்போகிறார்கள்? மகள் வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்கப் பிணை நின்ற மாயாண்டியும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். "தெரிஞ்ச வேலைக்குன்னா போ புள்ள. வேற எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத."

"என்னை ஒருக்காச் சோதிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ" என்று மூன்று நாள் முகவரின் மேசைக்கு முன்னாலிருந்த கதிரையை விட்டு எழும்பவில்லை. பெரிய பிடிவாதக்காரி. நாலாம் நாள் ஓமான் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் தெரிவு செய்ய ஒரு மலையாள வைத்தியர் வந்தார். தொல்லை விட்டால் போதுமென்று முகவர் அவளையும் பட்டியலின் கடைசியில் சேர்த்துவிட்டார்.

மேசையில் இரத்தம் பார்க்கும் நுணுக்குக்காட்டி. பக்கத்தில் இரத்தம் பூசிய மூன்று சிறு தட்டுகள். ராஜினி நுணுக்குக்காட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு யன்னலடிக்குப் போனாள். திரையை விலக்கினாள். குனிந்து அதன் அடியில் இருக்கவேண்டிய கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடியைக் காணவில்லை. வெளியே வேறு மழை இருட்டு.

முகவர் தலையில் கை வைத்தார். "இதைக் கண்ணாலையும் காணாத ஆள், டொக்டர்!"

"அதில் பல்பு இருக்கிறதம்மா. சுவிட்சைப் போடு" என்றார் வைத்தியர்.

ராஜினிக்கு வெட்கத்தில் காது சுட்டது. "எங்கடை பக்கம் கரண்ட் இல்லை, டொக்டர். கண்ணாடியிலை வெயிலைப் பிடிச்சுத்தான் பாக்கிறனாங்கள். வெயில் இறங்க முதல் நூறு தட்டாவது முடிக்கவேணும்."

ராஜினி விளக்கைப் போட்டாள். கண் கூசியது, குறைத்தாள். பிறகு கை தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. மற்றவர்கள் அரைமணி நேரம் எடுத்த வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்தாள்.

"ரெண்டாவதிலை ரெண்டு வகை மலேரியாவும் இருக்கு."

வைத்தியரின் கையிலிருந்த விடைத்தாளில் ஒரு வகைதான் இருந்தது. முகவர் சிரித்தார். வைத்தியர் சிரிக்கவில்லை, தானே குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து விடைத்தாளைத் திருத்தினார்.

"இவளுக்கு வேறு கடிதம் தேவையில்லை. நானே எழுதுகிறேன்."

ஒன்றரை மாதத்தில் விசா வந்தது. ராஜினி கடவுச்சீட்டை விரித்தாள். தொழில் என்ற இடத்தில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. வன்னி வைத்தியரின் கடிதத்தில்கூடத் தொண்டர் என்றுதான் இருந்தது. எட்டு வருடம் செய்த வேலையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து அன்றுதான் முதன்முதலாக வாசித்தாள். முகவர் பார்த்துக்கொண்டிருக்கவே விம்மி விம்மி அழுதாள்.