செவ்வாய்க்கிழமைக் காற்று

தேநீர்கூடக் குடிக்காமல், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, காரின் முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருக்கிறாள் கேஷிகா. வால்வு மூடி பல்லிடுக்கில் இருக்கிறது. காற்றை அளக்கும் கேஜை வைத்து அழுத்துகிறாள்: இருபத்தெட்டு. ஸ்ஸென்று கொஞ்சம் விடுகிறாள்: இருபத்தேழரை. அடுத்த சக்கரத்துக்குப் போனவள் பாதியில் திரும்பி வந்து, முதல் சக்கரத்தையே இன்னொரு தரம் அளக்கிறாள். நுவரெலியாவின் விடியற்குளிரில் விரல்கள் விறைத்துப்போய்க் கேஜ் இரண்டு தடவை கைநழுவுகிறது. அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஓடாத, சூடேறாத டயரில்தான் உண்மையான அளவு தெரியும் என்பாள்.

கடைவீதியில் பருப்பும் மிளகாயும் மொத்தமாக விற்கும் குடும்பம். அப்பாவுக்குப் பிறகு கல்லா இவளிடம் வந்தது. கல்லாவில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அபூர்வம். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும், மேசை ஆடும், மேசைமேல் சாமி படத்துக்கு வைத்த பூ கீழே விழும். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றைச் செய்யப் போய்விடுவாள். மிளகாய் இருந்த இடத்தில் அடுத்த வாரம் கடலை இருக்கும். இவள் வயதுப் பெண்களுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன, இவளுக்குக் கார் இருக்கிறது என்று கடைவீதி பேசிக்கொள்கிறது. பேசட்டும் என்பதே அவள் கட்சி.

அந்தக் கார் இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட பழைய நீல நிற ஸ்போர்ட்ஸ் கார். விளக்கைப் போட்டால் மூடியைத் திறந்துகொண்டு இரண்டு கண்கள் மேலே எழும். தோட்டத்துப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தவளையை எடுத்துக்கொண்டு கொத்மலை வரைக்கும் போவாள். அங்கே நீர்த்தேக்கத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவளாகத் திரும்பிவிடுவாள். அவளுக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, வழியில் இருக்கும் வளைவுகள். கதவோரம் ஒட்டிய தாளில் டயர்க் காற்று இருபத்தொன்பது என்று போட்டிருக்கிறது. அவள் முப்பது வைப்பாள், முப்பத்தொன்று வைப்பாள், ஒரு ஞாயிறு முப்பத்திரண்டு வைத்துப் பார்த்தாள். காற்று கூடக்கூட ஸ்டியரிங் சொன்னதைக் கேட்டது.

"நேத்துத்தான் ஏத்துனீங்க, இன்னைக்கு எறக்கச் சொல்றீங்க," என்பார் டயர் கடை ஆண்டியப்பன். "மனுசனுக்குத்தான் மனசு மாறும், தங்கச்சி. டயருக்குமா?"

"நேத்து கொத்மலைக்கு, அண்ணே. இது கண்டிக்கு."

கண்டி என்றால் அம்மா. ஜெயலெட்சுமி அம்மாளுக்கு முதுகில் ஒரு முறை கத்தி வைத்தாயிற்று. ஒவ்வொரு செவ்வாயும் கண்டிக்குப் போய்ப் பயிற்சி செய்து வந்தால் எழுந்து நடக்கலாம், இடையில் விட்டால் மறுபடியும் வெட்டத்தான் வேண்டும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேன் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பு ஒரு பக்கம் உருண்டது, போதாததற்கு வாந்தி. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கை இடுப்பை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, சாய்ந்தும் கொடுக்கிறது. ஏற்றி உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு பகை, சாலைக் குழி. மழைக்குப் பிறகு தார் ஒட்டுப்போட்ட இடங்களில் கெட்டியான டயர் ஒவ்வொரு மேட்டையும் அப்படியே அம்மாவின் முதுகுக்கு அனுப்பிவைத்தது.

அதனால் காற்றைக் குறைத்தாள். முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு, இருபத்தேழரை. ஒவ்வொரு தடவையும் வழியில் கேட்பாள்.

"இப்ப எப்பிடிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நீ ரோட்டப் பாரு."

முப்பதிலும் நல்லாத்தான் இருந்தது, இருபத்தெட்டிலும் நல்லாத்தான் இருந்தது. பொய் சொல்லும் கேஜை வைத்துக்கொண்டு எவரால்தான் காற்றுப் பிடிக்க முடியும்? கேஷிகாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மாவிடம் கோபப்படவும் முடியாமல், வீட்டுக்கு வந்து காரைத்தான் துடைத்துத் தள்ளினாள்.

அந்த அவசரத்தில் ஒரு செவ்வாய் புத்தி கெட்டுப்போனது. கண்டி வெயிலில், ஓடி வந்த சூட்டோடு அளந்தவள், முப்பத்தொன்று என்று கண்டதும் பதறி, அங்கேயே இருபத்தாறுக்கு இறக்கிவிட்டாள். மலை ஏறி, பனிக்குள் நுழைந்து, டயர் ஆற ஆறக் காற்று இன்னும் சுருங்கியது. இறம்பொடை தாண்டி ஒரு குழியில் ரிம்மே தரையில் இடித்தது. அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, வீடு வரும்வரை ஒரு வார்த்தையும் வரவில்லை. மறுநாள் காலை அளந்தால் இருபத்திரண்டு.

தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டே அம்மா சொன்னார்: "இனிக் கண்டிக்கு வேணாம், கேஷி. போற வலி, வர்ற வலி. அந்தப் பயிற்சி குடுக்கிற நோனா அரை மணித்தியாலம் கையக் கால நீட்ட வைக்கிறதுக்கு, வழியெல்லாம் இடி வாங்கிக்கிட்டுப் போகணுமா? இப்பிடியே கெடந்துட்டுப் போறேன்."

"அப்ப திரும்ப வெட்டுவாங்கம்மா."

"வெட்டட்டும்."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. தப்பு தன்னுடையது, முதுகு அம்மாவுடையது என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து ஒரு பருப்பு மூட்டையைத் தூக்கிவந்து, இடப்பக்க இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினாள். இருபத்தேழில் ஒரு தடவை, இருபத்தாறில் ஒரு தடவை, மூட்டை குதிக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். "அக்கா, மூட்டைக்கும் கல்யாணமா?" என்று தோட்டத்துப் பிள்ளைகள் கத்தினார்கள். மூட்டை ஒன்றும் சொல்லவில்லை. அது பேசாமல் இருப்பதைப் பார்த்தபோதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

அம்மா பேசாமல் இருக்கிறவர் இல்லையே. வழியில் தெரியும் ஒவ்வொரு கூரைக்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. யார் யாரைக் கட்டினார்கள், எவர் வீட்டு விருந்தில் உப்பு கூடியது, எல்லாம் வரும். நல்ல சாலையில் அந்தக் கதை ஓடும்; மோசமான இடத்தில் அறுந்துவிடும்; பிறகு வேறொரு கதையாகத் தொடங்கும். எத்தனையோ செவ்வாய் பக்கத்திலேயே இருந்துகொண்டு அதைக் கேட்காமல் விட்டிருக்கிறாள்.

"இன்னும் ஒரே ஒரு தரம் வாங்கம்மா."

"ஒன்னுதான். அதுக்கப்புறம் கேக்கக் கூடாது."

அந்தச் செவ்வாய் முன்னால் இருபத்தாறு, பின்னால் இருபத்தைந்து. இனி இறக்கினால் ரிம் அடிபடும். கீழே போகப்போகச் சூட்டில் தானாகவே இரண்டு மூன்று ஏறவும் செய்யும். ஊரைத் தாண்டும்போதே அம்மா கதையைத் தொடங்கிவிட்டார். சண்முகவடிவு அத்தை கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுப் பஸ் கதை. கேஷிகா எப்போதும்போல முதல் வளைவில் வேகமாகக் காரை இறக்கினாள். மெத்தென்றிருந்த டயரில் கார் தளதளவென்று ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. "மாப்பிள்ளையோட சித்தப்பா..." என்றவர் நிறுத்திவிட்டார்.

கேஷிகாவுக்கு உடனே காரை ஓரம் கட்டி, இறங்கி, கைப்பம்பால் காற்றை அரை கூட்டிவிடக் கை பரபரத்தது. கூட்டினால் குழி இடிக்கும், குறைத்தால் வளைவு ஆட்டும். காற்றில் செய்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. மிச்சமிருந்தது அவள் வலது கால். அதை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தாள்.

தவளை ஊர்ந்தது. தேயிலைக்கு நடுவில் வளைந்து வளைந்து, பிள்ளையைத் தூங்கவைத்துத் தூக்கிப்போகும் நடையில் போனது. உடம்பு முழுவதும் எறும்பு ஊர்ந்தது அவளுக்கு. ஒரு முச்சக்கரவண்டி முந்திக்கொண்டு போனது. ஓட்டியவன் நம்பமுடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.

"...சித்தப்பாதான் பொறுப்பாம்," என்று அம்மாவின் குரல் மெல்லத் திரும்ப வந்தது. "வீரபத்திரன்னு பேரு. அந்தாளும் தூங்கிட்டாரு. இறம்பொடையில எறங்க வேண்டிய கூட்டம் கம்பளைக்குப் போயி முழிக்குது. இங்க ஐயரு..."

ஒட்டுப்போட்ட தார் வந்தது. கார் ஏறியது, இறங்கியது.

"...ஐயரு வாசல்ல நின்னு, பொண்ணு இருக்கு, தாலி இருக்கு, மாப்பிள்ளை எங்கடாங்கிறாரு. எங்கம்மாவுக்கு வந்துச்சு பாரு ஒரு சிரிப்பு..."

பின்னால் ஹோர்ன் அலறியது. கரட்டும் லீக்ஸும் கூரை உயரத்துக்கு ஏற்றிய மரக்கறி லொறி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி நிறைய வந்து நின்றது. மறுபடியும் அலறியது. அம்மா கதையை நிறுத்தாமல் கையை விரித்து, மணவறையில் தனியாக உட்கார்ந்திருந்த சண்முகவடிவைக் காட்டிக்கொண்டிருந்தார். கேஷிகா காரை இடப்பக்கம் ஒதுக்கி, கதவுக் கண்ணாடியை இறக்கி, குளிருக்குள் கையை நீட்டி, போ போ என்று லொறிக்கு வழி காட்டினாள்.