பாப்பா யார் கணக்கில்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலைக் காபி முடிந்த கையோடு என் கணவர் செந்தில் லேப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"ஆயிரத்து ஐநூறு."

"என்னதுங்க?"

"நீ வேலைக்குப் போனா மாசம் மிஞ்சறது."

இந்தப் பக்கத்தில் உங்களோடு வாரம் ஒருமுறை அரட்டை அடிப்பதைத் தவிர எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. இதற்கெல்லாம் உனக்கு டிரெய்னிங்கே தேவையில்லை என்பார் செந்தில்.

நிலா பிறந்ததும் அதை விட்டேன். இப்போது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. நாங்கள் இருக்கும் புனேயில், ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. கைக்கு நாற்பத்திரண்டாயிரம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போக ஆசையா? கேட்கவே வேண்டாம்! இரண்டு வருடமாக நான் பேசிய மிக நீளமான வாக்கியம், "ஆ காட்டு… அங்க பாரு காக்கா!"

எக்செல்லை எட்டிப் பார்த்தேன். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் – பதினெட்டாயிரம். சமையலுக்கு ஆள் – நாலாயிரத்து ஐநூறு. கேப், மதியச் சாப்பாடு, புதுச் சுடிதார், இதர செலவுகள்… 'பாப்பாவுக்குச் சளி' என்றுகூட ஒரு வரி. இரண்டாயிரத்து ஐநூறு. மாதாமாதம் பிடிக்குமாம்!

"ஆயிரத்து ஐநூறுக்கு அந்த டிராஃபிக்ல போயி அலையோணுமா கண்ணு? நான் ஒண்ணும் சொல்லல. உன் இஷ்டந்தான்."

'உன் இஷ்டந்தான்' என்றால் 'வேண்டாம்' என்று பொருள். அகராதி போடுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்கவில்லை.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். டெஸ்டர் ஆயிற்றே… ஆனால் தப்பு கிடைக்கவில்லை. கூட்டல் சரியாகவே இருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ள சுனிதா என்றொரு பெண் அன்றைக்கு வருவதாக இருந்தாள். கசார்வாடிக்காரி. "வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று செந்தில் போனை எடுத்தார். அதற்குள் பெல் அடித்தது.

முப்பது வயது இருக்கும். நான் அவளை இன்டர்வியூ செய்வதாக ஏற்பாடு. நடந்தது தலைகீழ். அவளுடையது மராத்தி இந்தி, எங்களுடையது கோயமுத்தூர் இந்தி. நடுவழியில் எங்கேயோ சந்தித்துக்கொண்டோம். பாப்பா டிவி பார்க்குமா? காரம் சாப்பிடுமா? லிஃப்ட் அடிக்கடி நிற்குமா?

கடைசியாக ஒரு கேள்வி.

"பகார் யார் குடுப்பீங்க? மேடமா, சாரா?"

பகார் என்றால் சம்பளம். "நான்தான்" என்றேன். அதே நொடியில் செந்தில், "மேடம்தான்" என்றார்.

சுனிதா நிலாவின் மூக்கைப் பார்த்தாள். செந்திலின் மூக்கைப் பார்த்தாள். இரண்டும் ஒரே அச்சு. ஆனாலும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்:

"பாப்பா சாரோடது இல்லையா?"

கிண்டல் இல்லை. நிஜமான சந்தேகம்! அவள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு அக்கா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டாளாம். "அங்கயும் இப்படித்தான் மேடம். மூத்த குழந்தை செலவு மட்டும் அக்காவோடது."

செந்திலின் காது சிவந்துவிட்டது. "மேரா! மேரா ஹீ ஹை!" – என்னுடையதுதான் என்று பதறியதில் ஆண்பால் பெண்பால்கூட மாறிப்போயிற்று.

எனக்குத் தப்பு கிடைத்துவிட்டது. கூட்டலில் இல்லை… கழித்த இடத்தில்! பாப்பா இருவருக்கும். சமைத்ததைச் சாப்பிடுவதும் இருவரும். கழிப்பது மட்டும் என் சம்பளத்திலா? செந்திலை மட்டும் சொல்லி என்ன பயன்? 'நான்தான்' என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான்தானே!

ஆண் வேலைக்குப் போனால் வருமானம். பெண் வேலைக்குப் போனால் செலவு. படித்தவர் வீட்டிலும் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. சரி, இந்த வருடம் மிஞ்சாது. ஆனால் பாப்பா பள்ளிக்கூடம் போகும் வருடத்தில் என்னை யார் கூப்பிடுவார்கள்? அதற்கு எக்செல்லில் கட்டமே இல்லையே…

சுனிதா போனதும் செந்தில் மறுபடி லேப்டாப்பில் தட்டினார்.

"ஆளு, சமையல், சளி… மூணையும் பாதிப் பாதி போட்டுட்டேன்."

என் பக்கம் பதினாலாயிரம் மிஞ்சியது. அவர் தன் பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இப்படிப் பாத்தா நான் வேலைக்குப் போறதே யோசிக்கோணுமாட்ட இருக்குதே!"

"உங்க இஷ்டந்தானுங்க" என்றேன்.

போன வாரம் வேலையில் சேர்ந்தேன். நிலா ஜோராக டாட்டா காட்டினாள். கேபில் உட்கார்ந்து அழுதது நான். மதியம் மனசு கேட்காமல் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பாப்பா தூங்குது மேடம்" என்றாள் சுனிதா. குரலில் எரிச்சல். "சும்மா சும்மா போன் பண்ணாதீங்க. எழுந்துக்கும்."

"நான் இப்பத்தானே பண்றேன் சுனிதா?"

"சார் இதுக்குள்ள நாலு தடவை பண்ணிட்டாரு!"

பாவம். வருடக்கணக்காக வேலைக்குப் போகிறவர்தான்… ஆனால் பாப்பாவை விட்டுவிட்டுப் போனது அன்றைக்குத்தானே!