பதினோரு நிமிடம்

என் அத்தை பொய் சொல்லிச் சம்பளம் வாங்கியவர். முப்பது வருடம் மருத்துவமனை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றதும், முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் அலுவலகம் ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. யாரென்று காட்டிக்கொள்ளாமல் ஓர் இல்லத்தில் போய்ச் சேர வேண்டும். மூன்று நாள் தங்கி, பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். மறதிக்காரி, முட்டிவலிக்காரி, மருமகளோடு ஒத்துப்போகாதவள் என்று இடத்துக்கு ஒரு வேஷம். அத்தைக்கு மருமகளே கிடையாது. ஆனாலும் அந்த இல்லாத மருமகளை அவர் திட்டுவதைக் கேட்டால் நமக்கே அவள்மேல் ஆத்திரம் வரும்.

அந்த வேலை அவருக்கு உயிர். வேஷம் கலைந்தால் மட்டும் அன்றோடு சீட்டு கிழிந்துவிடும். அடையாளம் தெரிந்துபோன ஆளை மறுபடி எங்கும் அனுப்ப மாட்டார்கள்.

கடைசியாக முட்டிவலிக்காரியாகப் போன இடத்தில், அறைக்கு நான்கு கட்டில், பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆயா. இரண்டாம் நாள் மத்தியானம் அத்தை தண்ணீர் கேட்டு மணியடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் தாண்டினால் அறிக்கையில் சிவப்புக் குறி. சிவப்புக் குறி விழுந்தால் ஆயாவின் வேலை போய்விடும்.

ஆயா அடுத்த கட்டில் அம்மாளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாய் கொடுப்பது, தொண்டை அசையும்வரை காத்திருப்பது, பிறகு அடுத்த வாய். மணிச்சத்தத்துக்குத் திரும்பக்கூட இல்லை. எல்லாம் முடித்து, வாயைத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரோடு வந்தார்.

"ஏம்மா, மணியடிச்சு எவ்வளவு நேரமாச்சு?" என்று அத்தை சிடுசிடுத்தார்.

"பதினோரு நிமிஷம். எழுதிக்கோங்க."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முட்டி மடங்காதுன்னு சொல்லிச் சேர்ந்தீங்க. வந்த அன்னைக்கே குந்தி உக்காந்து கட்டிலுக்கடியில தூசி இருக்கான்னு தடவிப் பார்த்தீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா என்னைக் காக்க வெச்சீங்க?"

"உங்களுக்குத் தாகம் மட்டும்தான். அவங்களைப் பாதியில விட்டுட்டு வந்தா புரையேறிடும்."

அத்தை நடந்ததை ஒன்று விடாமல் அறிக்கையில் எழுதினார், தன் வேஷம் கலைந்ததையும் சேர்த்து. ஆயாவுக்குச் சிவப்புக் குறி விழவில்லை. அத்தைக்கு வேலை போயிற்று.

எனக்கு வந்த கோபத்தில் சண்டைக்கே போய்விட்டேன். "சோறு ஊட்டிக்கிட்டிருந்தாங்கன்னு எழுதினாலே அவங்க தப்பிச்சிருப்பாங்களே, அத்தை. மாட்டிக்கிட்டதை எதுக்கு எழுதினீங்க?"

யாரையும் லேசில் மெச்சாத அத்தை சொன்னார்:

"ஊட்டறது எல்லாரும் செய்யறதுதான். நான் யாருன்னு தெரிஞ்சும் ஊட்டினாங்க பாரு, அதை எழுத வேண்டாமா? பெரிய டாக்டர் வர்ற செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், கையில இருக்கற ஸ்பூனை அப்படியே வெச்சுட்டு எழுந்து நிப்பேன் நான். முப்பது வருஷமும். பின்னால யாருக்குப் புரையேறுச்சுன்னு ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்ல."