சொல்லாமல் விட்ட ஒரு வசனம்

தம்பி டிசம்பர் கடைசியில், நத்தாருக்கு, வருவதாகத்தான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை யார் யாரோடு செய்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எட்டு வயதில் எனக்கு உலகம் பஸ் நேர அட்டவணை மாதிரித்தான் இருந்தது. குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நின்றால் வரவேண்டியது வரும். அந்த இலையுதிர் காலம் முழுவதும் எங்கள் வீடும் அப்படித்தான், பொதிகளோடு தரிப்பிடத்தில் நிற்கிற குடும்பம்போல இருந்தது.

நாங்கள் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் குடியிருந்தோம். அப்பா முதலில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவர். பிறகு இங்கே வந்து வைத்தியசாலை ஒன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். வைத்தியசாலை என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. "ஸ்பிட்டாலுக்குப் போறன்", "ஸ்பிட்டாலால வாறன்" என்பதுதான் அப்பாவின் காலையும் மாலையும். அம்மா பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவார்.

காலையில் யன்னலைத் திறந்தால் எதிர்ப்பக்கக் கட்டடம் இருக்காது. மூடுபனி அதை எடுத்துக்கொண்டு போயிருக்கும். பத்து மணிக்குமேல், முதலில் பல்கனிகளை, பிறகு பூச்சட்டிகளை, கடைசியாகச் சுவரை என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் தரும். வீட்டுக்குள் ஒரே வேலை. யாரோ தந்த தொட்டிலை அப்பா மூன்று முறை பூட்டினார், மூன்று முறையும் ஒரு ஆணி மிஞ்சியது. அம்மா என் பழைய சட்டைகளை எடுத்து, விரித்து, மடித்து, மறுபடியும் விரித்தார். நான் அத்தனை சின்னவளாக இருந்தேன் என்பதை நான் நம்பவில்லை.

எனக்குக் காத்திருக்க வேறொன்று இருந்தது. நவம்பர் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளக்கு ஊர்வலம் போவோம். ரேபே என்கிற, ஊதாவும் வெள்ளையுமான கிழங்கை உள்ளே குடைந்து, தோலில் நட்சத்திரமும் நிலவும் செதுக்கி, நடுவில் மெழுகுதிரி கொளுத்தி, தடியில் தொங்கவிட்டபடி தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு நடப்போம். போன வருடம் அம்மாவுக்கும் வேலை, அப்பாவுக்கும் வேலை. என் விளக்கை ஆசிரியைதான் குடைந்து தந்தார். ஊர்வலத்திலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். இந்த வருடம் அம்மா வருவதாக வாக்குத் தந்திருந்தார்.

ஊர்வலத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, அம்மா டொக்டரிடம் போகவேண்டியிருந்தது. வழமையாக அப்பா கூடப் போவார். அன்று அவருடைய இடத்துக்கு வரவேண்டியவர் வராததால் அப்பாவால் வேலையை விட்டு வெளிக்கிட முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை அம்மா அப்படியே கூட்டிக்கொண்டு போனார்.

மொழிபெயர்ப்பு எனக்குப் புதிதல்ல. கட்டடத்துக்குப் பொறுப்பானவர், தபாற்கந்தோர்ப் பெண், பெர்மிட் அலுவலகம் என்று எல்லாரையும் நான் அம்மாவுக்குத் தமிழாக்கித் தந்திருக்கிறேன். அம்மா சொல்வதைவிடக் கொஞ்சம் மரியாதையாக அவர்களுக்குச் சொல்வேன். அவர்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் அன்பாக அம்மாவுக்குச் சொல்வேன். அதில் பிழை உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

டொக்டர் ஒரு பெண். என்னைப் பார்த்ததும் அப்பா எங்கே என்று கேட்டார், கொஞ்சம் யோசித்தார். பிறகு எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குழந்தையின் இதயம் நன்றாக அடிக்கிறது. ஆனால் குழந்தை அவசரப்படுகிறது, வருவதற்கான வாசல் நேரத்துக்கு முன்பே திறக்கப் பார்க்கிறது. அம்மா வேலைக்குப் போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, படுத்தே இருக்கவேண்டும். நாளைக் காலை உடுப்புகளோடு ஸ்பிட்டாலுக்கு வந்து இரண்டு கிழமையாவது தங்கவேண்டும்.

முதல் மூன்றையும் நான் அழகாகச் சொல்லிவிட்டேன். நான்காவதற்கு வந்தபோது இரண்டு கிழமையை மனதுக்குள் பதினாலு நாளாக எண்ணிப் பார்த்தேன். ஊர்வலம் வரும் எட்டாவது நாள் அதற்குள் விழுந்தது.

"எல்லாம் நல்லாயிருக்காம்" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தார். "வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. எல்லாம் நல்லாயிருக்காம்."

அம்மாவுக்கு விளங்கியதா என்று டொக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா "யா, யா" என்று தலையை ஆட்டினார். டொக்டர் அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதத்தை உறையில் போட்டுத் தந்தார். அம்மா அதைக் கைப்பைக்குள் வைத்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. நான் வாயால் சொல்லாத ஒன்று வேறு வழியாகவும் வீட்டுக்கு வரலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

திரும்பும்போது பஸ் தரிப்பிடத்து வாங்கில் அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. மேலேயிருந்த மரம் காற்றேயில்லாமல் இலைகளை விட்டுக்கொண்டிருந்தது. அவை விழுகிற அவசரமே இல்லாமல், எங்கே இறங்கலாம் என்று பார்த்துப் பார்த்து இறங்கின. நான் மஞ்சளைத் தனியாகவும் சிவப்பைத் தனியாகவும் அடுக்கினேன். அம்மா கைத்தொலைபேசியில் சித்தியோடு கதைத்தார். "நாளைக்கே வெளிக்கிட ஏலுமோ? இல்லையடி, பயப்பிட ஒண்டுமில்லை. வாவன்." சித்தி வரப்போகிறார் என்ற சந்தோஷத்தில் நான் இலைகளைக் கலைத்துப்போட்டேன்.

அன்று வேலை முடிந்து வந்த அப்பா பல்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தன்னுடைய மிக நல்ல ஜெர்மனில் யாரோடோ நீண்டநேரம் கதைத்தார். காருக்குக் குளிர்கால டயர் மாற்றுவது பற்றி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தி அம்மாவின் தங்கை. லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. கண்ணுக்குத் தெரியாத சில்லுகளைச் சாவணத்தால் எடுத்து வைக்கிற விரல்கள் அவருக்கு. வந்த அன்றே மீந்திருந்த ஆணிக்கு இடம் கண்டுபிடித்துத் தொட்டிலை முடித்துவிட்டார். பிரெஞ்சு தெரியும், ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. இனி இந்த வீட்டில் இரண்டு பேருக்கு நான்தான் வாய் என்று பெருமைப்பட்டேன். ஆனால் கட்டடத்தில் இன்னார் இன்ன நாளில்தான் உடுப்புத் தோய்க்கலாம் என்ற சட்டம் தெரியாமல், மேல்வீட்டுச் சுவிஸ் மனுஷியின் நாளில் சித்தி குழந்தை உடுப்புகளைத் தோய்த்துவிட்டார். அந்த மனுஷி கோபத்தோடு இறங்கி வந்தார். நான் தயாராகி வாசலுக்கு ஓடுவதற்குள் இருவரும் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். கொடியில் தொங்கிய சின்னஞ்சிறு காலுறைகளைப் பார்த்துவிட்டு அந்த மனுஷி தன் நாளை எங்களுக்கே விட்டுத்தந்தார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா முன்னறைச் செற்றியில் படுத்தே இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் ஒரு பெண் வந்து அம்மாவின் வயிற்றில் காது வைப்பதுபோல ஒரு கருவியை வைத்துக் கேட்டுவிட்டுப் போவார். எல்லா அம்மாக்களையும் இப்படி வந்து பார்ப்பார்கள் என்று அப்பா சொன்னார். பின்னேரங்களில் பனி விலகி, ஒரு மணித்தியாலம் மட்டும் தேன் நிறத்தில் வெயில் வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்காரும். வேலைக்குப் போகாத அம்மா எனக்குப் புதிது. பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தால் அம்மா இருப்பார். அந்த நாட்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீளமான பின்னேரமாக இப்போதும் என்னிடம் இருக்கின்றன.

விளக்கையும் அம்மா படுத்தபடியேதான் குடைந்தார். வயிற்றின்மேல் பழைய பத்திரிகையை விரித்து, கிழங்கை அதில் வைத்து, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். உள்ளேயிருந்து குழந்தை உதைக்க, கிழங்கு சரிந்து உருண்டது. "உவருக்கும் ஒண்டு வேணுமாம்" என்றார் அம்மா. நான் சிரித்துச் சிரித்துச் செற்றியிலிருந்து விழுந்தேன். சித்தி தோலில் நட்சத்திரங்களைச் செதுக்கினார். ஒவ்வொன்றும் அளந்து வெட்டியதுபோல ஐந்து முனையோடு இருந்தது.

இடையிடையே அம்மா கதையை நிறுத்தி, கண்ணை மூடி, மூச்சை மெல்ல இழுத்து விடுவார். அப்போது நான் சொல்லாமல் விட்ட வசனம் எனக்கு நினைவுக்கு வரும். அம்மா கண்ணைத் திறந்து சிரிக்கும்வரை நானும் மூச்சு விடமாட்டேன். சிரித்ததும் மறந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அம்மா ஊர்வலத்துக்கு வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அப்பா லீவு எடுத்து வந்திருந்தார், அது அதுவரை நடவாத காரியம். ஊர்வலம் எங்கள் தெருவாலும் போகும் என்று கேட்டறிந்து வந்தவரும் அவர்தான். இருட்டத் தொடங்கியதும் தெருவிளக்குகளை அணைத்தார்கள். நூறு கிழங்குகள் ஊதாவாக ஒளிர்ந்தன. முகங்கள் தெரியவில்லை, வெளிச்சங்கள் தாமாகவே மிதந்து போவதுபோல இருந்தது. எங்கள் கட்டடத்தின்கீழ் வந்தபோது அண்ணாந்து பார்த்தேன். பல்கனியில் கதிரை போட்டு, போர்வை சுற்றி, அம்மா இருந்தார். நான் தடியை முடிந்தவரை உயர்த்திப் பிடித்தேன். அம்மா கையை அசைத்தார். உலகத்தில் நான் நினைத்தபடி எல்லாம் நடக்கிறது என்று அந்த வளைவு திரும்பும்வரை நான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அம்மா மேற்சட்டையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது. டக்ஸிக்குச் சொல்லியாச்சு" என்று சித்தி அப்பாவிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்கை வா எண்டால் கேட்டாத்தானே. பிள்ளை வளைவு திரும்புமட்டும் பாக்கவேணுமாம்" என்றார். அப்பாவும் அம்மாவும் படியிறங்கிப் போனார்கள். என் கையில் மெழுகுதிரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்தநாள் காலையில் தம்பி பிறந்தான். இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் ஒரு குழாயோடு, யாரோ அவசரத்தில் செய்து முடிக்காமல் விட்டதுபோல இருந்தான். இன்று அவன் என்னைவிட ஒரு தலை உயரம், வாசலில் குனிந்துதான் வருகிறான். ஆனால் அன்று அவனைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இது நான் செய்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஜெர்மன் கதைப்பதை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். கடையில் சித்தி, "என்னவாம் பிள்ளை சொல்லுறான்?" என்று கேட்டால், "தெரியாது" என்பேன். "அம்மா இல்லாத ஏக்கம்" என்று சித்தி அப்பாவிடம் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் ஓட்டம். அப்பா வேலைக்கும் தம்பியிடமும், சித்தி சமையலுக்கும் என்னிடமும். என் மௌனத்தை உட்கார்ந்து கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

ஆறாம் நாள் அப்பா என்னை மறுபடியும் ஸ்பிட்டாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். அப்பா தாதியோடு கதைக்க வெளியே போனதும் நான் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"டொக்டர் அண்டைக்கு உங்களை ஸ்பிட்டாலுக்கு வரச் சொன்னவா. நான் சொல்லேல்லை."

"தெரியும்."

நான் நிமிர்ந்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஸ்பிட்டால் எண்டால் எனக்கு விளங்காதோ பிள்ளை? கொப்பா ஒவ்வொரு நாளும் எங்க போறவர்?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அப்பா அன்றே கடிதத்தைப் படித்துவிட்டு டொக்டரோடு கதைத்தாராம். பக்கத்தில் ஆள் இருந்தால், எழும்பாமல் படுத்திருந்தால், வீட்டிலேயே இருக்கலாம் என்று டொக்டர் ஒத்துக்கொண்டாராம். சைக்கிள்காரப் பெண்ணை அனுப்பியதும் அவர்தானாம். "நான் எங்க படுத்திருந்தாலும் உவர் வந்திருப்பார். அதுக்கும் உனக்கும் ஒண்டுமில்லை. விளங்குதோ?"

எனக்கு அழுகை வந்தது. கூடவே ஆறு நாளாக இல்லாத பசியும் வந்தது.

"அப்ப ஏன் எனக்கு ஏசேல்லை?"

அம்மா தம்பியின் பெட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "டொக்டர் சொல்லச் சொல்ல எனக்குக் கை கால் எல்லாம் விறைச்சுப் போச்சு. அப்பதான் நீ, எல்லாம் நல்லாயிருக்காம் எண்டனி." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை இன்னொருக்காச் சொல்லுவாயோ எண்டுதான் திருப்பிக் கேட்டனான்."

அன்று அம்மாவுக்கு இருபத்தொன்பது வயது. இன்று நான் அதைக் கடந்துவிட்டேன். ஆனால் அப்போது எனக்கு விளங்கியதெல்லாம் ஏச்சு விழவில்லை என்பது மட்டும்தான். அம்மா இன்னும் ஏதோ சொல்லப்போவதுபோல என் விரல்களைப் பிடித்தபடியே இருந்தார். வாசலில் அப்பா மணிக்கூட்டைக் காட்டினார். கீழே கடையில் தின்ன ஒரு பணிஸ் வாங்கித் தருவதாக வரும்போதே சொல்லியிருந்தார்.

"விடுங்கோம்மா, பஸ் போயிடும்" என்று சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துக்கொண்டு நான் வாசலுக்கு ஓடினேன்.