பெரியம்மா வேலி தாண்டிய வீடியோ

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடம் எங்கள் தோட்டத்து ஓரமாகத்தான் போகும். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையில் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு முற்றியது. அப்பா தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். பெரியப்பா வந்து கேட்டபோது அப்பா குரலை உயர்த்தவே இல்லை.

"என்ற பட்டாவுலதான் இந்தத் தடம் வருதுங்ண்ணா. நீங்க பள்ளத்து வழியாப் போயிக்குங்க."

பள்ளத்தில் ஆள் நடக்கலாம், வண்டி போகாது. பெரியப்பா சின்ன வெங்காயம் பிடுங்கிக் குவித்திருந்த சமயம் பார்த்துத்தான் அப்பா கட்டினார். டெம்போ வர வழியில்லை. இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. அழுகல் வாடை எங்கள் வாசல்வரை வந்தது. "காத்து நல்லா அடிக்குது" என்றார் அப்பா. நான் சிரித்தேன்.

மிஞ்சியதைப் பெரியம்மா தலையில் சுமந்து, கம்பிக்கடியில் நுழைந்து ரோட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு நாள் காலையில் அப்பா என்னைப் போனோடு அங்கே நிற்கச் சொன்னார்.

"அவ தாண்டறத வீடியோ எடு. மூஞ்சி தெரியோணும்."

எதற்கென்று எனக்குத் தெரியும். எடுத்தேன். பெரியம்மா என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கினாள்.

"ஏங்கண்ணு, போட்டோ புடிக்கறயா? இரு, மொகத்தத் தொடச்சுக்கறேன்."

தலைப்பால் துடைத்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கம்பியைத் தூக்கிக் குனிந்து வந்தாள். நல்லா வந்துச்சா என்று கேட்டாள். வந்துச்சுங் பெரிம்மா என்றேன்.

வேலியை அறுத்து அத்துமீறி நுழைகிறார்கள் என்று அப்பா புகார் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு என்னையும் கூட்டிப் போனார். அங்கே பெரியம்மாவை வரவழைத்து, அந்த வீடியோவைப் போட்டு, "இது நீங்கதானுங்களா?" என்று கேட்டார்கள்.

"நானுதானுங்க. எங்க கொழுந்தனார் புள்ளதான் எடுத்துச்சு" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கிற மாதிரி நின்றேன். அவளைச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்பா எல்லோருக்கும் டீ சொன்னார், அவளைத் தவிர.

நான் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகுதான் சர்வேயர் வந்து அளந்தார். பழைய வரைபடத்தில் அது பொதுத்தடம். கல்லுக்கால்களைப் பிடுங்கிப் போட்டார்கள். அதற்குள் பெரியப்பா மாடுகளை விற்றுவிட்டு, பெரியம்மாவோடு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் காவல் இருக்கப் போய்விட்டார். அவர்கள் தோட்டம் முழுக்கவும் தடத்து ஓரமும் வேலிக்கருவை முளைத்துக் கிடக்கிறது.

ஒரு தடவை அவர்களைத் தேடிப் போனேன். பெரியம்மா நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள், வெயிலைப் பற்றிப் பேசினாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே எழுந்து வந்தேன்.

அப்பா இப்போது அந்தத் தடத்தில்தான் டிராக்டரை நிறுத்துகிறார். நல்ல நிழல் என்கிறார்.