மகள் அடக்கிக்கொண்ட நாட்கள்

மகளுக்கு இரண்டரை வயதானபோது என் லீவு முடிய மூன்று வாரம்தான் இருந்தது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் மண்டூரில். காலையில் வாவியைப் படகில் கடந்து போனால் திரும்பிவரப் பின்னேரம் மூன்று மணியாகும். பக்கத்து நேசரியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆனால், பம்பர்ஸ் போட்ட பிள்ளையை எடுக்க மாட்டோம் என்றார்கள்.

பம்பர்ஸை எப்படி நிறுத்துவது என்று கிளினிக்கில் மிட்வைஃபிடம் கேட்டேன்.

"பிள்ளை இன்னும் ஆயத்தமில்ல. தானாச் சொல்லத் தொடங்கும். அதுவரைக்கும் கட்டாயப்படுத்தாதீங்க."

"எவ்வளவு நாள் எடுக்கும் மிஸ்?"

"அதச் சொல்லேலாது."

அன்று பின்னேரம் என் மச்சாள், கணவரின் அக்கா, வந்திருந்தார். "நான் மூண்டு புள்ளயள வளத்தவள் கா," என்றார். "சட்டியில இருத்து. போகுமட்டும் எழும்ப விடாத. உடுப்போட போனா ரெண்டு தட்டுத் தட்டு. ஒரு கிழமையில சரி."

மச்சாள் ஒரு வாரம் என்றார், மிட்வைஃப் நாள் சொல்லவில்லை. நான் மச்சாள் சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகளைக் கக்காவுக்கு இருத்தும் பிளாஸ்டிக் சட்டி ஒன்று வாங்கினோம். அரைமணி, முக்கால்மணி என்று அவளை அதில் இருத்தி, தோளைப் பிடித்துக்கொண்டேன். எழும்பும்போது தொடையில் சட்டியின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருக்கும். மூன்றாம் நாள், சட்டியிலிருந்து எழுப்பிவிட்ட கையோடு பாயில் கக்கா போய்விட்டாள். மழைக்காலம், துவைத்த எதுவும் காயாமல் கிடந்தது. தொடையில் இரண்டு அடி போட்டேன். மச்சாள் சொன்ன தட்டல்ல, அடி. அவள் அழவில்லை. என் கையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் பாயிலும் போகவில்லை, சட்டியிலும் போகவில்லை. கதவுக்குப் பின்னால் காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பாள். "பாத்தியா, வழிக்கு வந்திட்டாள்," என்றார் மச்சாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாம் நாள் சோற்றைத் தள்ளிவிட்டாள். ஆறாம் நாள் காய்ச்சல். வயிறு கல்லுப்போல் இருந்தது. கணவர் அவளைத் தூக்கிக்கொள்ள, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எனிமா கொடுக்கும்போது நான்தான் அவளுடைய கைகளைப் பிடித்திருந்தேன். இரத்தத்தோடு வந்தது. கத்திக் கத்திக் குரல் அடைத்த பிறகு, "இனிக் கக்கா போகமாட்டன் அம்மா," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். எங்கே போகக்கூடாது என்று நான் அடித்தேனோ, அது அவளுக்கு விளங்கவில்லை. போகவே கூடாது என்றுதான் விளங்கியிருந்தது.

டொக்டர் என்னைப் பார்த்தார். "இதுக்காகப் பிள்ளைய யாராவது அடிச்சீங்களா?"

"இல்ல டொக்டர்," என்றேன்.

கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மீண்டும் பம்பர்ஸ் போட்டோம். நேசரியில் இடம் போனது. சம்பளமில்லாத லீவு எடுத்தேன். மலம் இளக்கும் பாணி மருந்தை ஒன்றரை வருடம் கொடுத்தோம். நோகும் என்ற பயம் போவதற்கு அவ்வளவு காலம் எடுத்தது. இடையில் ஒருநாள் மிட்வைஃபிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. "பிள்ளையிட்டயும் சொல்லுங்க," என்றார். சொன்னேன். அம்மா அடித்தது பிழை என்றேன். அவள் பொம்மையின் தலைமயிரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. சாப்பாடு, குளிப்பு, தலைவாருதல் எல்லாவற்றுக்கும் நான்தான் வேண்டும். கழிவறைக்குப் போக மட்டும் அப்பாவைக் கூப்பிடுவாள். அவர் வீட்டில் இல்லாவிட்டால், வரும்வரை அடக்கிக்கொண்டிருப்பாள்.