விருந்தாளிகளுக்கான வைஃபை

என் வீட்டுக்காரர் துறைமுக வாசலில் காவல் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றார் என்பது கடதாசியில் மட்டும். உள்ளே போகிற லொறி, வெளியே வருகிற சைக்கிள், வேலையாட்களின் சோற்றுப் பெட்டி என்று எல்லாவற்றையும் திறந்து பார்த்தே பழகிய மனுசன் வீட்டில் சும்மா இருப்பாரா? முதலில் என் குசினி அலுமாரியைச் சோதிக்க வந்தார். அகப்பையைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆசிரியையின் பேஸ்புக்கை எவனோ களவெடுத்து, அவ கறுப்புக் கண்ணாடி விற்பதாக எங்கள் ஊர் பாலையூற்று முழுக்கச் செய்தி அனுப்பிவிட்டான். அந்தக் கோதாரி பிடிப்பான்தான் இவருக்கு மறுபடியும் வேலை போட்டுக் கொடுத்தவன்.

இவருடைய விளக்கம் இதுதான். துறைமுகத்தில் பெரிய வாசலில் ஒரு சோதனை, உள்ளே ஒவ்வொரு கட்டடத்திலும் இன்னொரு சோதனை. வீட்டுக்கு ரூட்டர்தான் பெரிய வாசல். போனிலும் மடிக்கணினியிலும் போடுகிற அன்ரி வைரஸ், கட்டடத்து வாசல். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பவன் விசரன். ரீவிக்குள் அன்ரி வைரஸ் போட வழியில்லை என்று தெரிந்த அன்று இவர் இரண்டு நேரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, ரீவியைக் காப்பாற்றப் பெரிய வாசலை இன்னும் இறுக்கினால் போதும் என்று யாரோ சொல்லித் தேறினார். இறுக்கிய இறுக்கில் என் நாடகம் வருகிற தளமும் பஞ்சாங்கம் பார்க்கிற தளமும் அடைபட்டுப் போயின. ராகுகாலம் எப்போது என்று கேட்டால், பாதுகாப்பு முக்கியமா ராகுகாலம் முக்கியமா என்று என்னையே கேட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது தம்பியின் விஷயம்.

என் தம்பி துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பவன். அம்மா போன பிறகு எங்கள் வீட்டுப் பின் அறையில் இருக்கிறான். நாற்பதைத் தாண்டிவிட்டான், கலியாணம் மட்டும் கூடி வரவில்லை. வந்த பேச்செல்லாம் அவன் வாயைத் திறக்காததாலேயே முறிந்தது. பெண் வீட்டார் ஏதாவது கேட்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்பான், அவ்வளவுதான். படகில் பத்துப் பேரின் போன்கள் ஒரே சார்ஜரில் கிடக்கின்றனவாம், ஆகவே அவனுடைய போன் ஆபத்தானதாம். இவர் அவனை வீட்டு வைஃபையிலிருந்து இறக்கி, விருந்தாளிகளுக்கென்று தனியாக வைத்திருந்த வைஃபையில் ஏற்றிவிட்டார். இத்தனை வருடம் எங்களோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவன் விருந்தாளியா? அதற்காக ஒரு கிழமை இவரோடு கதைக்காமல் இருந்தேன். இவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தம்பியோ, பரவாயில்லை அக்கா, இந்த வேகம் எனக்குக் காணும் என்றான்.

அப்படியிருக்க, தம்பலகாமத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. தகப்பன் வயல் செய்கிற கமக்காரர். மகள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிற ரீச்சர். அவவுக்கும் வயது போய்விட்டதால் கூச்சம் ஒன்றும் பார்க்காமல், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கத் தானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தா. சுவிஸிலிருக்கும் அவவின் அண்ணன் வீடியோவில் மாப்பிள்ளையைப் பார்த்து ஓம் சொன்னால்தான் காரியம் ஆகும். இந்த முறையும் முறிந்தால் தம்பி இனிப் பெண் பார்க்கவே வேண்டாம் என்றுவிடுவான், எனக்குத் தெரியும். விடிய எழும்பி வடை சுட்டேன், கேசரி கிண்டினேன், எனக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

அவர்கள் வந்து கதிரைகளில் இருந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். தம்பி வழக்கம்போல நிலத்தைப் பார்த்தான். சுவிஸ் அண்ணனுக்குக் கோல் எடுக்க நேரமாகிவிட்டது என்று தகப்பன் தன்னுடைய போனை வெளியே எடுத்தார். டேட்டா முடிந்துவிட்டது. வைஃபை தர முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் எழும்பி நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"குறை நினைக்காதேங்கோ. உங்கட போனை ஒருக்கா ஸ்கான் பண்ணிப்போட்டுத்தான் குடுக்கலாம்," என்றார்.

சம்பந்தம் பேச வந்த மனிதரைச் சோதனைச் சாவடியில் நிறுத்திய ஒரே மாப்பிள்ளை வீடு இந்த மாவட்டத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். தகப்பனின் முகம் கறுத்தது. சண்டைக் காலத்தில் எத்தனை வருடம் ரோட்டுரோட்டாக இறங்கி நின்று பையைத் திறந்து காட்டிய சனம், அவருக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கேசரித் தட்டோடு குசினி வாசலில் நின்று, இந்த மனுசனை இன்றைக்கே கொன்றுபோடுகிறேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

ரீச்சர்தான் வாயைத் திறந்தா. விருந்தாளி வைஃபை தனியாக இருக்கிறதா என்று கேட்டா. இவர் பெருமையாக ஓம் என்றார்.

"அப்ப அப்பாவின்ர போனைப் பாக்கத் தேவையில்லை, ஐயா. அது தனிப் பாதைதானே. அதில ஏறினவை உங்கட வீட்டுப் போனுகளுக்குக் கிட்ட வரேலாது. அதுக்காகத்தான் அது இருக்கு."

இவர் பாஸ்வேர்டைச் சொல்ல மனமில்லாமல் தன் போனைத் திறந்து அதில் தேடினார். திறந்ததுதான் தாமதம், போன் அம்புலன்ஸ் மாதிரி ஊளையிடத் தொடங்கியது. திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் போனில் வைரஸ், உடனே அழுத்துங்கள் என்று எழுத்துகள் விட்டு விட்டு மின்னின. இவர் அதை அமத்த அமத்த, குதிகால் வலிக்கு எண்ணெய் விளம்பரம் வந்தது, பிறகு திரும்பவும் ஊளை.

ரீச்சர் கையை நீட்டினா. இவர் போனைக் கொடுத்தார், வேறு வழியில்லை. அவ இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மூன்றாவது அன்ரி வைரஸை யார் போட்டது என்று கேட்டா. நான்தான், இலவசமாக வந்தது, கூடுதல் காவலுக்குப் போட்டேன் என்றார் இவர்.

"ரூட்டரில செய்ததெல்லாம் சரி, ஐயா. அன்ரி வைரஸும் வேணும்தான், நல்லது ஒண்டு காணும். ஆனா இது காவல் இல்லை, காவல்காரன்ர உடுப்புப் போட்ட கள்ளன். எல்லாற்ற போனையும் பாத்தனீங்கள், உங்கட போனை ஆர் பாத்தது?"

துறைமுகத்தில் இருந்த காலம் முழுக்க வாசலில் எல்லாருடைய பையையும் இவர் திறந்தார், இவருடைய பையை ஒருவரும் திறக்கவில்லை. அந்தப் பழக்கம்தான்.

அப்போதுதான் தகப்பன் தொண்டையைச் செருமினார். எல்லாம் முடிந்தது, எழும்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"எங்கட பக்கம் யானைக்குக் கரண்ட் வேலி அடிச்சிருக்கு. ஆனாலும் வீட்டில வெடியும் வைச்சிருப்பம், ரெண்டும் வேணும். ஒருக்கா வேலியை நல்லா இறுக்கி அடிச்சுப்போட்டுத் திரும்பிப் பாத்தா, யானை உள்ளுக்க நிண்டு வாழை சாப்பிடுது. அண்டைக்கு அந்த வேலி யானைக்குத்தான் காவல்."

முதலில் சிரித்தது என் தம்பி. குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு கேட்கவில்லை. அத்தான், உங்களையும் விருந்தாளி வைஃபையில் போடவோ என்று வேறு கேட்டான். வந்தவர்கள் முன்னால் ஒரு முழு வசனம் பேசிவிட்டான் என் பிள்ளை. ரீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தா, பிறகு அவவும் சிரித்தா. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தம்பி விருந்தாளி வைஃபையைத் தகப்பனின் போனில் போட்டுவிட, சுவிஸ் அண்ணன் திரையில் வந்து, என்ன பகிடி, எனக்கும் சொல்லுங்கோ என்றார். யானைக் கதையைத் தம்பியே சொன்னான். இவர் மட்டும் வடையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, ஆனால் அதிகமில்லை.

கலியாணம் நடந்தது. இருவரும் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அவர்கள் குடிபோன பிறகு முதல்முறையாக நாங்கள் இருவரும் போனோம். வாசலிலேயே என் வீட்டுக்காரர் தன் போனை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார், அந்தக் காலத்தில் வேலையாட்கள் இவரிடம் சோற்றுப் பெட்டியை நீட்டியது போல. ரீச்சர் சிரித்து, வேண்டாம், உள்ளே வந்து இருங்கோ என்றா.

தம்பிதான் வந்து எங்கள் இருவரின் போனிலும் வைஃபையைப் போட்டுத் தந்தான்.

"இது விருந்தாளிகளுக்கு உள்ளது, அக்கா. வீட்டு வைஃபை எங்கள் ரெண்டு பேருக்கும்தான்."

என்னுடைய கோபம் மூக்கு நுனியில் இருப்பது அவனுக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் பயந்துகொண்டுதான் சொன்னான். நான் போனை வாங்கிப் பார்த்தேன். என் தம்பிக்கென்று ஒரு வீடு, அதில் நான் விருந்தாளி. அன்றைக்கு அந்த வீட்டில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டும் சாப்பிட்டேன்.